எல் போர்டு வண்டியில் கழுகு தேடிப் போனது

ரூமானாவுக்குப் பறவை பார்க்கும் பழக்கம் வந்ததே யாரையும் திட்டாமல் இருப்பதற்காகத்தான்.

புதுச்சேரி நெல்லித்தோப்பில் அவளும் கணவன் முஆஸும் ஒரு டிரைவிங் ஸ்கூல் வைத்திருந்தார்கள். முதலில் முஆஸ்தான் வண்டியில் போனான். ரூமானா ஆபீஸ் மேஜையில் ஃபோன் எடுத்துக்கொண்டிருந்தாள். முஆஸுக்கு முதுகில் டிஸ்க் விலகி, நாள் முழுக்க வண்டியில் உட்கார முடியாமல் போனபோது அவன் மேஜைக்கு வந்தான், அவள் வண்டிக்குப் போனாள். கற்றுக்கொடுப்பது பெண் என்று தெரிந்ததும், இத்தனை நாள் வீட்டில் கேட்கவே தயங்கிக்கொண்டிருந்த பெண்களெல்லாம் வந்து சேர்ந்தார்கள். டீச்சர்கள், துணிக்கடை வைத்திருப்பவர்கள், பிரான்சிலிருந்து லீவுக்கு வந்த மருமகள்கள். ரூமானா நன்றாகத்தான் கற்றுக்கொடுத்தாள். ஆனால் கத்துவாள். கிளட்சை மிதிக்காமல் யாராவது கியரை இழுத்தால், தன் பல்லையே யாரோ அரத்தால் ராவுவது போல அவளுக்கு இருக்கும். ஒருநாள் ஒரு காலேஜ் பெண்ணைத் திட்டி முடித்து இறங்கியவள், தலை சுற்றி அப்படியே நடைபாதையில் உட்கார்ந்துவிட்டாள்.

பிரஷர் பார்த்த டாக்டர், "மாத்திரை எழுதித் தரேன். நீங்க கத்தறத நிறுத்தலன்னா மாத்திரை இன்னா பண்ணும்?" என்று கேட்டார்.

அன்றிலிருந்து, வண்டி ஓட்டுபவர்கள் தப்புச் செய்தால் அவள் பல்லைக் கடித்துக்கொண்டு ஜன்னல் வழியாக வெளியே பார்க்கத் தொடங்கினாள். தட்டாஞ்சாவடி தொழிற்பேட்டைக்குப் பின்னால் ஒரு காலி மைதானம் உண்டு. ரிவர்ஸ் பழக அங்கேதான் கூட்டிப்போவாள். அங்கே ஒரு மின்கம்பத்தில் புறா அளவில் சாம்பல் நிறப் பறவை ஒன்று உட்கார்ந்து, காலில் அழுத்திப் பிடித்த ஓணானைப் பிய்த்துப் பிய்த்துத் தின்றுகொண்டிருந்தது. கண் ரத்தமாகச் சிவந்திருந்தது. வண்டி பின்னால் போய் எதிலோ மோதிய பிறகுதான் ரூமானா பார்வையைத் திருப்பினாள். அது வைரி என்று பிறகு தெரிந்துகொண்டாள். அதன் பிறகு பைனாகுலர் வாங்கினாள். ஊர்ப் பறவை ஆர்வலர்களின் வாட்ஸப் குழுவில் சேர்ந்தாள். வல்லூறும் பருந்தும் கழுகும் ஒன்றையொன்று எப்படிப் பிரித்துப் பார்ப்பது என்று சமையல் செய்துகொண்டே கற்றாள். முஆஸ் தலையில் அடித்துக்கொண்டான்.

"கத்தறதே தேவலாம் போலருக்கு. வீட்டுல ஒரு வார்த்தை பேச முடியல, பறவை பறவைன்னு" என்பான்.

இத்தனை பார்த்தும் அவளுக்குச் சிக்காதது ஒன்று இருந்தது. பெரும்புள்ளிக் கழுகு. வடக்கே எங்கோ பனிக்காட்டில் குஞ்சு பொரித்து, குளிருக்குத் தப்பித் தெற்கே வரும் கழுகு. புதுச்சேரிப் பக்கம் அபூர்வமாகத்தான் வரும். வந்தால் ஊசுட்டேரியில்தான் இறங்கும். வந்த வருஷமெல்லாம் குழுவில் ஒருவர் பாக்கியில்லாமல் பார்த்தார்கள். ரூமானா போகும்போது மட்டும் அது இருக்காது. ஒரு வருஷம் அவள் ஏரிக்குக் கிளம்பிய அன்று, அவளிடம் படித்தவர்களுக்கு லைசென்ஸ் டெஸ்ட் வைத்துவிட்டார்கள். இன்னொரு வருஷம் மழை. போன வருஷம் கரையில் காலை முழுக்க நின்று, டீ குடிக்க ரோட்டுக்குப் போன நேரத்தில் அது வந்து உட்கார்ந்துவிட்டுப் போயிருந்தது. அதைப் படம் எடுத்தவர் அவளுக்கே அனுப்பி, எப்படி இருக்கிறது என்று கேட்டார்.

இந்த ஜனவரியில் பொங்கல் கழிந்த வாரம், காலையில் அவள் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தபோது குழுவில் செய்தி வந்தது. ஊசுட்டேரியில் பெரும்புள்ளிக் கழுகு, இளம் பறவை, இப்போது பட்டமரத்தில் உட்கார்ந்திருக்கிறது.

ரூமானா துணியைக் கீழே போட்டாள். அதே நேரம் தெருமுனையில் சரிதா சிஸ்டர் வந்துகொண்டிருந்தாள்.

சரிதா அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸ். ஊருக்கு வெளியே மாற்றல் ஆகி, பஸ் கிடைக்காமல் திண்டாடியதால் கார் ஓட்டப் படிக்க வந்தவள். மழைக்காலத்துக்கு முன்பே சேர்ந்தவள் இன்னும் படித்துக்கொண்டிருந்தாள். டெஸ்டில் மூன்று முறை தோற்றாயிற்று. அவளுக்கு எதைக் கண்டாலும் பிரேக் போட வேண்டும். தெருக்கோடியில் நாய் படுத்திருந்தால் இங்கே பிரேக். காற்றில் பாலிதீன் பை பறந்தால் பிரேக். மறுநாள் அவளுக்கு நாலாவது டெஸ்ட்.

"சிஸ்டர், இன்னிக்கி கிளாஸ் வேணாம். சாயங்காலம் வெச்சுக்கலாம்" என்றாள் ரூமானா.

"மத்தியானம் டூட்டி மேடம். ராத்திரிதான் வருவேன். நாளைக்கி டெஸ்ட். இன்னிக்கி ஓட்டலன்னா நான் சத்தியமா ஃபெயில்."

ரூமானா மனதுக்குள் கணக்குப் போட்டாள். கிளாஸையும் விட முடியாது, கழுகையும் விட முடியாது. "சரி, ஏறுங்க. ஊசுட்டேரி வரைக்கும் நீங்களே ஓட்டுங்க. லாங் டிரைவ்" என்றாள்.

அந்த நேரம் பார்த்து யூஜின் சார் வந்தார். பிரெஞ்சு வாத்தியாராக இருந்து ரிட்டையர் ஆனவர். பக்கத்துத் தெருவில் தனியாக இருந்தார். அவரும் அதே வாட்ஸப் குழுதான். தோளில் முக்காலியும் டெலஸ்கோப்பும், தலையில் வெள்ளைத் தொப்பி. கேட்காமலே பின் சீட்டுக் கதவைத் திறந்து ஏறினார்.

"ஆட்டோ ஒண்ணும் கெடைக்கல மதாம். நல்லவேளை, நீங்க இன்னும் கெளம்பல" என்றார். பிறகுதான் ஸ்டியரிங்கில் இருந்தது யார் என்று பார்த்தார். "இந்த அம்மாவா ஓட்டப் போறாங்க?"

"ஆமா சார். பெல்ட் போடுங்க" என்றாள் ரூமானா.

வழுதாவூர் ரோடு அன்று லாரிகளின் கையில் இருந்தது. தட்டாஞ்சாவடி சிக்னலில் பச்சை விழுந்ததும் சரிதா கிளட்சைப் பட்டென்று விட்டாள். வண்டி ஒரு குதி குதித்து ஆஃப் ஆனது. பின்னால் ஒரு டேங்கர் லாரி ஹாரனை அழுத்திப் பிடித்தது. மறுபடி ஸ்டார்ட் செய்வதற்குள் சிவப்பு விழுந்தது. அடுத்த பச்சைக்கும் ஆஃப்.

"தூஸ்மான், மதாம், தூஸ்மான்" என்றார் யூஜின் பின்னாலிருந்து.

"இன்னா சொல்றாரு மேடம்?"

"மெதுவான்றாரு. அவர் சொல்றத கேக்காதீங்க. மெதுவாத்தான் போய்க்கிட்டிருக்கோம். கிளட்ச், கிளட்ச பாருங்க."

"நான் நல்லதுக்குச் சொல்றேன். என் மச்சான் பிரான்ஸ்ல, துலூஸ்ல கார் ஓட்டறப்போ..."

"சார், உங்க மச்சான் இங்க இல்ல" என்றாள் ரூமானா. குரல் ஏறுவது அவளுக்கே கேட்டது. ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். பார்க்க அங்கே லாரிச் சக்கரம்தான் இருந்தது.

மேட்டுப்பாளையத்தில் ஒரு மாடு சாலையோரம் தன்பாட்டுக்கு வைக்கோல் தின்றுகொண்டிருந்தது. அதற்கும் சரிதா பிரேக் போட்டாள். டெலஸ்கோப் முன் சீட்டில் வந்து இடித்தது. யூஜின் பிரெஞ்சில் ஏதோ சொன்னார். அது மெதுவாக என்பது இல்லை என்று சரிதாவுக்கும் புரிந்தது. அவள் முகம் தொங்கிப்போனது.  ஏரி வருவதற்குள் சைக்கிளில் போன ஒரு பால்காரர் இரண்டு முறை அவர்களை முந்திக்கொண்டு போனார். நடுவில் ஒரு வீட்டில் நின்று பால் ஊற்றியதால் இரண்டு முறை.

ஏரி நிரம்பிக் கிடந்தது. கரையில் இறங்கியதும் ரூமானா முதலில் பார்த்தது கழுகை இல்லை, ஊதா நிறப் புகையை. ஒரு கல்யாண ஜோடி கரையோரம் கைகோத்து நிற்க, இரண்டு பேர் புகைக் குப்பியைக் கொளுத்திப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். மேலே ட்ரோன் ஒன்று தேனீக்கூட்டம் போல இரைந்துகொண்டு, ஏரி நடுவில் மிதந்த நாமக்கோழிகளின் தலைக்கு மேலே போய் வந்தது. கரைப்பக்கத் தண்ணீரில் ஒரு வாத்துகூட மிச்சமில்லை. பட்டமரம் வெறுமனே நின்றது.

ரூமானா நேராகப் போனாள். "தம்பி, யாருப்பா நீங்க? ட்ரோனக் கீழ இறக்குங்க. இது சரணாலயம்."

ட்ரோன் ரிமோட்டை வைத்திருந்தவன் தன் பெயர் விக்ரம் என்றான், மிகவும் மரியாதையாகவே பேசினான். "பத்தே நிமிஷம்கா. பொண்ணு சைடுல லேட்டா வந்துட்டாங்க. இந்தக் காலை வெளிச்சம் போச்சுன்னா ஷூட்டே போச்சு."

"இங்க ஒரு கழுகு உக்காந்திருந்துச்சா?"

"கழுகாக்கா? இருந்துச்சே. அந்தக் காஞ்ச மரத்துல. ட்ரோன கிட்டக் கொண்டுபோனதும் பறந்துடுச்சு. செம ஷாட்டு. பாக்கறீங்களா?"

அவன் சின்னத் திரையை நீட்டினான். அதில் மரத்திலிருந்து கறுப்பாக ஒன்று எழும்பி, படத்தை விட்டு வெளியே போனது. ரூமானா அதைப் பார்க்க மாட்டேன் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இத்தனை வருஷம் காத்திருந்து ஒரு கல்யாண வீடியோவில் அதை முதலில் பார்ப்பதா?

திரும்பினால், யூஜின் டெலஸ்கோப்பை முக்காலியில் நிறுத்தி, மணப்பெண்ணுக்கு அதன் வழியாகப் பார்க்கச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை பக்கத்தில் நின்று இடுப்பில் கை வைத்து போஸ் கொடுத்தான்.

"சார்!"

"ஒரு ஃபோட்டோதான் மதாம். ஆசையாக் கேட்டாங்க."

"அவங்களாலதான் சார் அது பறந்துபோச்சு!"

யூஜின் அவசரமாக டெலஸ்கோப்பை மடக்கினார். அப்போது விக்ரமே ஏரியின் தென்கரையைக் காட்டி, கழுகு அந்தப் பக்கம்தான் போனது என்றான். கரை மேலே வண்டித்தடம் போனது. நடந்து போனால் வெயில் ஏறிவிடும் என்றாள் ரூமானா. வண்டியிலேயே போகலாம் என்றும், போன மாதம் தான் டூவீலரில் போனதாகவும் தடம் கல் மாதிரி இருந்ததாகவும் யூஜின் சொன்னார்.

தடம் கல் மாதிரி இல்லை. கொஞ்ச தூரத்தில், நாணல் சாய்ந்திருந்த ஒரு பள்ளத்தில் முன்சக்கரம் இறங்கியது. சரிதா பயந்து ஆக்ஸிலரேட்டரை மிதித்தாள். சக்கரம் சுற்றிச் சேற்றை வாரி இறைத்தது. வண்டி அச்சு வரை உட்கார்ந்தது.

"போன மாசம் கல்லு மாதிரிதான் இருந்துச்சு" என்றார் யூஜின்.

"போன மாசம் மழை பெய்யலயா சார்? உங்க வீட்டுல மட்டும் பெய்யலயா?"

ரூமானா இறங்கினாள். சரிதாவையும் இறங்கித் தள்ளச் சொல்லிவிட்டுத் தான் ஓட்டலாம் என்று நினைத்தாள். ஆனால் சரிதா வெள்ளை யூனிஃபார்மில் இருந்தாள். மத்தியானம் அதே உடையோடு டூட்டிக்குப் போக வேண்டும். வேறு வழியில்லாமல் ஸ்டியரிங்கைச் சரிதாவிடமே விட்டு, ரூமானாவும் யூஜினும் பின்னால் போய்த் தோள் கொடுத்தார்கள்.

"செகண்ட் கியர் போடுங்க சிஸ்டர்! கிளட்ச மெதுவா விடுங்க, மெதுவா!"

வண்டி ஆஃப் ஆனது. மறுபடி ஆஃப். மூன்றாவது முறை யூஜினின் ஒரு செருப்பு சேற்றில் புதைந்தது. அவர் குனிந்து கையைவிட்டுத் துழாவினார். ரூமானா நெற்றியை டிக்கிக் கதவில் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டாள். வீட்டில் போர்வையைப் போர்த்திக்கொண்டு தூங்கியிருக்கலாம். முஆஸ் டீ போட்டுக் கொடுத்திருப்பான். இந்த ஏரியும் வேண்டாம், இந்தக் கழுகும் வேண்டாம்.

அப்போது உள்ளேயிருந்து சரிதாவின் குரல் வந்தது. "மேடம்! மேல, மேல! பெருசா ஒண்ணு! காக்காங்கல்லாம் துரத்துது!"

ரூமானா நிமிர்ந்தாள். டிக்கிக்கு மேலே நாணலும் வானமும்தான் தெரிந்தன.

அந்த நொடியில் வண்டி கிளம்பியது. குதிக்கவில்லை, ஆஃப் ஆகவில்லை. ஆறு மாதமாக ரூமானா தொண்டை வறளச் சொன்னது போலவே, கிளட்ச் மெதுவாக விடப்பட்டு, வண்டி பள்ளத்திலிருந்து அலுங்காமல் ஏறியது. பிடிமானம் போனதால் யூஜின் சேற்றில் முட்டி போட்டு விழுந்தார். ரூமானா விழாமல் நின்றாள். வண்டி நிற்கவில்லை. கரை மேலேயே, ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் வயல் பள்ளம், நடுவில் அந்தக் குறுகிய தடத்தில், லைசென்ஸ் இல்லாத சரிதா தனியாகப் போய்க்கொண்டே இருந்தாள்.

"சிஸ்டர்! பிரேக்! பிரேக் போடுங்க!"

நாய்க்கும் பாலிதீன் பைக்கும் பிரேக் போட்டவள் இதற்குப் போடவில்லை.

ரூமானா ஓடினாள். துப்பட்டா நழுவித் தோளில் புரண்டது. பைனாகுலர் நெஞ்சில் மோதி மோதி அடித்தது. வண்டி தண்ணீருக்குள் சாய்ந்தால் என்ன செய்வது, சரிதாவின் வீட்டுக்காரருக்கு என்ன பதில் சொல்வது, என்ன தைரியத்தில் அவளைத் தனியாக விட்டாய் என்று முஆஸ் கேட்டால் என்ன சொல்வது? ஓட ஓட எல்லாம் மனதில் வந்தது. தடம் வளையும் இடத்தில் வண்டி தெரிந்தது. ஓரமாக, நேராக, ஒழுங்காக நின்றிருந்தது. சரிதா உள்ளேயே அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

ரூமானா போய் பானட்டில் ஓங்கித் தட்டினாள். இத்தனை வருஷமாக அடக்கி வைத்ததெல்லாம் வெளியே வந்தது.

"அறிவிருக்கா உங்களுக்கு? தண்ணில போயிருந்தா இன்னா ஆயிருக்கும்? யாரு கேட்டாங்க உங்கள ஓட்டச் சொல்லி? பிரேக்குனு கத்தறேன், காது கேக்கலயா?"

சரிதா உதட்டில் விரலை வைத்தாள். மறு கையால் பக்கவாட்டில் காட்டினாள்.

கல்லெறியும் தூரம்கூட இல்லை. தண்ணீருக்குள் நின்ற ஒரு பட்ட கருவேல மரத்தில் அது உட்கார்ந்திருந்தது. காப்பிக்கொட்டையை வறுத்துக் கருக்கிய நிறம். அலகின் அடியிலும் காலிலும் மஞ்சள். அது தலையைத் திருப்பி ரூமானாவைப் பார்த்தது. யார் இவள், ஏன் இப்படிக் கத்துகிறாள் என்பது போலத்தான் பார்த்தது. பிறகு காலை ஊன்றி, அவசரமே இல்லாமல் எழும்பியது. அகன்ற இறக்கைகள் விரிந்தபோது வரிசை வரிசையாக வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தன, கரும்பலகையில் சுண்ணாம்புத் துளி தெறித்த மாதிரி. ஏரி நடுவில் நாமக்கோழிகள் எல்லாம் ஒரே கறுப்புக் கட்டியாக ஒண்டிக்கொண்டன. காக்கைகள் மறுபடி வந்து சேர்ந்தன. அது அவற்றைப் பொருட்படுத்தாமல் தண்ணீரைக் கடந்து, எல்லைக்கு அந்தப்புறம் தமிழ்நாட்டுப் பக்கத்துப் பனைமரங்களுக்குப் பின்னால் போய் மறைந்தது.

பைனாகுலரைக் கண்ணுக்குக் கொண்டுபோகவே இல்லை என்பது அப்புறம்தான் ரூமானாவுக்கு உறைத்தது.  அப்படியே கரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"எவ்வளவு நேரமா உக்காந்திருந்துச்சு சிஸ்டர்?"

"நீங்க வர்ற வரைக்கும் மேடம்."

ரூமானா நழுவிய துப்பட்டாவை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டாள். "ஏன் நிறுத்தாமப் போனீங்க?" என்று கேட்டாள்.

"நின்னா மறுபடி மாட்டிக்குமேன்னு பயந்துட்டேன். அது முன்னாடி போச்சு. நான் அதையே பாத்துட்டு இருந்தேன், வண்டி பாட்டுக்குப் போச்சு. திட்டாதீங்க மேடம். நல்லாத்தான ஓட்டினேன்?"

"நல்லாத்தான் ஓட்டினீங்க" என்றாள் ரூமானா. சொல்லும்போதே மறுபடி கோபம் வந்தது.

யூஜின் ஒற்றைச் செருப்போடு, முட்டி வரை சேறோடு, டெலஸ்கோப்பைக் குழந்தை மாதிரி தூக்கிக்கொண்டு வந்து சேர்ந்தார். "எங்க?" என்றார். இருவரும் காலி மரத்தைக் காட்டினார்கள். அவர் அதை நம்பாமல் டெலஸ்கோப்பை நிறுத்தி, அந்த மரத்தைக் கிளை கிளையாகப் பார்த்தார். பிறகு இருவரையும் விசாரித்தார். வால் பிளந்திருந்ததா? கரும்பருந்தாக இருக்கக் கூடாதா? புள்ளி முதுகிலா, இறக்கையிலா? கோடாக இருந்ததா, திட்டாக இருந்ததா?

"அரிசியைத் தூவின மாதிரி இருந்துச்சு சார்" என்றாள் சரிதா.

"படம் இருக்கா?"

இல்லை. சரிதா கையை ஸ்டியரிங்கிலிருந்து எடுக்கவே பயந்திருந்தாள். ரூமானா கத்திக்கொண்டிருந்தாள்.

அன்று மாலை ரூமானா குழுவில் எழுதினாள். காலையில் செய்தி போட்டவரிடமும் படம் இல்லை, விக்ரமின் நம்பரை வாங்கவும் யாருக்கும் தோன்றவில்லை. குழுவை நடத்துகிறவர், படம் இல்லாமல் இதைக் குழுவின் பறவைப் பதிவில் சேர்ப்பது கஷ்டம், உடன் போன அனுபவமுள்ளவர் யாராவது உறுதி செய்தால் சேர்க்கலாம் என்றார். எல்லோரும் யூஜினைக் கேட்டார்கள். தான் போனது உண்மை, ஆனால் பறவையைப் பார்க்கவில்லை, பார்க்காததைப் பார்த்ததாக எழுத முடியாது என்று அவர் நீளமாக எழுதினார். ரூமானா அதைப் படித்துவிட்டு ஃபோனைச் சோபாவில் எறிந்தாள்.

"அந்தாளு பொய் சொல்லல. அதுக்கு எதுக்கு நீ கோவப்படற?" என்றான் முஆஸ்.

"பொய் சொல்லலன்றதுதாங்க எரிச்சலா இருக்கு."

அவளுடைய கழுகு பதிவில் ஏறவே இல்லை. ஒரு வாரம் அவள் யூஜினோடு பேசவில்லை. அவர் தெருவில் எதிரே வந்தால் ஃபோனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டாள். ஆனால் இரவில் படுத்தால் அந்த இறக்கை விரிவது கண்ணுக்குள் வந்தது. யாரும் நம்பாவிட்டாலும் அது குறையவில்லை. அதை யாரிடம் போய் நிரூபிக்க வேண்டும் என்று கொஞ்சம் கொஞ்சமாக அவளுக்குத் தோன்ற ஆரம்பித்தது. பிறகு ஒரு காலையில் யூஜினே வந்து ஆபீஸ் வாசலில் நின்று, தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, தன் பேத்திக்கு கார் ஓட்டக் கற்றுக்கொடுக்க முடியுமா என்று கேட்டார். முஆஸ் உள்ளே கூப்பிட்டு டீ கொடுத்தான். ரூமானாவும் பேசித்தான் ஆக வேண்டியிருந்தது.

சரிதா டெஸ்டில் பாஸ் செய்திருந்தாள். பழைய கார் ஒன்றும் வாங்கினாள். பிப்ரவரிக் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளே வாசலில் வந்து ஹாரன் அடித்தாள்.

"வாங்க மேடம், ஏரிக்குப் போலாம். சாரையும் கூப்பிடுங்க."

மூன்று பேரும் போனார்கள். கழுகு அதற்குள் வடக்கே போயிருக்க வேண்டும். நாமக்கோழி, நீர்க்காகம், தூரத்தில் ஒரு செம்பருந்து, அவ்வளவுதான். வெயில் ஏறியதும் சரிதா கொண்டுவந்திருந்த சேமியா உப்புமாவை கார் நிழலில் உட்கார்ந்து தின்றார்கள். திரும்பும்போது வில்லியனூர் வழி நல்லதா, வழுதாவூர் ரோடு நல்லதா என்று ரூமானாவும் யூஜினும் சண்டை போட்டார்கள். சரிதா இரண்டு பேர் சொன்னதையும் கேட்காமல் தனக்குத் தோன்றிய வழியில் போனாள்.